பக்கவாட்டை நீங்களே வெட்டலாம், உச்சியை விட்டுவிடுங்கள்

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் செ.மீ. வளர்கிறது. வாரத்துக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். முடிவெட்டும் மெஷினின் பல்லில் மாட்டும் ஒன்றாம் நம்பர் சீப்பு விட்டுவைக்கும் நீளமும் 3 மி.மீ.தான். அதாவது இந்த ஞாயிறு ஒன்றாம் நம்பரில் ஓட்டிய பக்கவாட்டு முடி, அடுத்த ஞாயிறு இரண்டாம் நம்பர் ஆகிவிடும். மூன்றாவது வாரம் காதோரம் பொசுபொசுவென்று தெரியும். உச்சியில் எட்டு செ.மீ. இருந்த முடி ஒன்பது ஆனதையோ வீட்டில் இருப்பவர்களே கவனிக்க மாட்டார்கள். கட்டிங் பழசாகத் தொடங்கும் இடம் எப்போதும் காதோரமும் பிடரியும்தான்.

ஆகவே என் கட்சி இது: ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை சலூனுக்குப் போய் வடிவத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கவாட்டையும் பிடரியையும் வீட்டில் நீங்களே சரிசெய்யுங்கள். மேலே கத்தரி வைப்பது அவசரத்துக்கு மட்டும். 2020 ஊரடங்கில் சலூன்கள் மூடிக்கிடந்தபோது மெஷின் வாங்கிய பலரும் தோற்றது இந்த மேல்பகுதியில்தான். பக்கவாட்டு வேலை நிதானம் இருந்தால் யாருக்கும் வரும்.

சலூனில் என்ன சொல்வது என்பதை முதலில் முடித்துவிடுவோம். “மீடியமா வெட்டுங்கண்ணே” என்றால் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். அவருடைய மீடியம் வேறு, உங்களுடையது வேறு. சொல்ல வேண்டியவை பக்கவாட்டுக்கு எந்த நம்பர், அது எவ்வளவு உயரம் வரை, மேலே எவ்வளவு, பிடரி எப்படி முடிய வேண்டும், இவ்வளவுதான். “சைடு ரெண்டாம் நம்பர், காதுக்கு மேல ரெண்டு விரல் வரைக்கும் போதும். மேல கத்தரியில அரை இன்ச் எடுத்துருங்க. பின்னாடி கோடு போடாதீங்க, ஸ்லோப்பா விட்டுருங்க” என்றால் புதுக் கடையில்கூடப் பாதி ஆபத்து நீங்கிவிடும். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘எடுங்க’. ஒரு இன்ச் எடுப்பதும் ஒரு இன்ச் வைப்பதும் ஒன்றல்ல. இரைச்சலான கடையில் “மேல ஒரு இன்ச்” என்று மட்டும் சொன்னவர் தலையில் ஒரு இன்ச்தான் மிஞ்சும். கடைசியாக வெட்டி எத்தனை வாரம் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். ஐந்து வாரம் என்றால் ஒன்றரை செ.மீ. வளர்ந்திருக்கிறது, அதை எடுத்தால் பழைய வடிவம் வந்துவிடும் என்று அனுபவசாலி உடனே கணக்குப் போட்டுவிடுவார்.

நம்பர் கணக்கு எளிது. ஒவ்வொரு நம்பருக்கும் கால் இன்ச்சில் பாதி கூடும். ஒன்று 3 மி.மீ., இரண்டு 6, மூன்று 10, நான்கு 13, ஆறு 19, எட்டு 25 மி.மீ., அதாவது சரியாக ஒரு இன்ச். ஒன்றாம் நம்பரில் தலைத்தோல் நன்றாகத் தெரியும், இரண்டில் லேசாகத் தெரியும், அடர்த்தியான முடி என்றால் நான்கில் தெரியாது. அலுவலகத்துக்குப் போகிறவருக்கு இரண்டும் மூன்றும் கலந்த பக்கவாட்டு பெரும்பாலும் போதும்.

ஞாயிறு காலை கூட்டத்தில் போகாதீர்கள். செவ்வாய் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. புதன், வியாழன் பகல் நேரம்தான் நல்லது. அவசரமில்லாத கைக்குக் காதோரம் சுத்தமாக வரும். கிருதாவுக்கும் பிடரிக்கும் கத்தி வைக்கும் முன் பிளேடு உங்கள் கண்ணெதிரே உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. ஹெபடைடிஸ் பி போன்றவை ரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவும். மெஷின் பல்லைச் சுத்தம் செய்யாமல் அடுத்த தலையில் வைத்தால் படர்தாமரையும் கூடவே வரும். கடைசியில் கழுத்தைப் பிடித்து ‘சடக்’ என்று திருப்பும் இலவச சேவையை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் அந்தத் திருப்பலில் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடும். தலையில் தட்டி மசாஜ் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி வீடு.

தாடி ட்ரிம்மர் வேறு, முடிவெட்டும் மெஷின் வேறு. ட்ரிம்மரின் பல் வரிசை சுமார் 3 செ.மீ. அகலம், மெஷினுடையது நாலரை செ.மீ. அளவில் இருக்கும். ட்ரிம்மரால் தலையை வெட்ட முடியாது என்றில்லை. ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து முறை ஓட்ட வேண்டியிருக்கும், அடர்ந்த முடியில் மோட்டார் திணறி முடியைக் கடித்து இழுக்கும். மாதம் இரண்டுமுறை வெட்டுவதென்றால் மெஷினே வாங்குங்கள். சார்ஜ் முழுதாக இருக்கட்டும். பாதித் தலையில் நிற்கும் மெஷினுக்கு மாற்று வழி தொப்பிதான்.

முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். நம் ஊர்த் தலையில் மெஷின் சிக்குவதற்கு முக்கியக் காரணம் தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்ட முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், சீப்பால் அதை நிமிர்த்த முடியாது. ஒரு கொத்து வெட்டுப்படும், பக்கத்துக் கொத்து தப்பிவிடும். ஈரமுடியிலும் இதே கதைதான். மெஷினுக்கு உலர்ந்த முடி, கத்தரிக்கு ஈரமுடி.

தொடங்கும் முன் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சாதாரண சீப்பைக் காதுக்கு மேலே தலையோடு ஒட்டி நிமிர்த்திப் பிடியுங்கள். மண்டை உள்பக்கம் வளையத் தொடங்கும் இடத்தில் சீப்பு தலையை விட்டு விலகும். அதுதான் எல்லை. அதற்கு மேலே மெஷின் ஏறினால் உச்சியில் வாரும் முடியின் அடித்தளமே போய்விடும், பிறகு வகிடு எடுத்தாலும் மேல்முடி குடைபோல் தனியாக நிற்கும். வீட்டு கட்டிங்கில் நடக்கும் பெரிய தவறு இதுதான்.

நான்காம் நம்பரில் தொடங்குங்கள், எதை விரும்பினாலும் சரி. கிருதாவிலிருந்து மேல்நோக்கி, முடி வளரும் திசைக்கு எதிராக, மெதுவாக. எல்லைக்கு ஒரு விரல் கீழே வரும்போதே மெஷினை வெளிப்பக்கமாகச் சாய்த்து எடுத்துவிட வேண்டும். தலையோடு ஒட்டியே மேலே போனால் மெஷின் வளைவைத் தாண்டி ஏறிவிடும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை, சற்றே வேறு வேறு கோணத்தில் ஓட்டுங்கள். பிடரியின் இரு ஓரங்களிலும் முடி பக்கவாட்டாக, சிலருக்கு மேல்நோக்கிக்கூட வளரும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். இருபக்கமும் பின்புறமும் நான்கில் முடிந்த பிறகு இரண்டாம் நம்பரை மாட்டி, காதின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரம் வரை மட்டும் ஓட்டுங்கள். இப்போது இரண்டும் நான்கும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். மூன்றாம் நம்பரால் அந்தக் கோட்டின் மேல் மட்டும், சிறு சிறு வீச்சாக, வெளியே சுண்டி எடுப்பதுபோல ஓட்டினால் அது கரையும். இன்னும் மிச்சம் தெரிந்தால் மெஷினின் பக்கத்தில் இருக்கும் நெம்புகோல் உதவும். அதைத் திறந்தால் அதே சீப்பில் ஒரு மி.மீ. சொச்சம் நீளம் கூடும், மூடினால் குறையும். இரண்டாம் நம்பரை நெம்புகோல் திறந்த நிலையில் கோட்டின் கீழ் விளிம்பில் ஓட்டுங்கள். சலூனில் ஃபேட் (கீழே குட்டையாகத் தொடங்கி மேலே போகப் போக நீளம் கூடும் கட்டிங்) என்று காசு வாங்குவது முழுக்க இந்தக் கோடு கரைக்கும் வேலைக்குத்தான். தோல் தெரியும் ஃபேடை வீட்டில் முயலாதீர்கள். அங்கே அரை மி.மீ. பிழைகூடத் தெரியும்.

சீப்பை மாட்டும்போது ‘கிளிக்’ சத்தம் கேட்க வேண்டும். சரியாக மாட்டாத சீப்பு பாதியில் கழன்றால் தலையில் வெள்ளையாக ஒரு வழி விழும். விழுந்துவிட்டால் பதறி அந்த இடத்தையே மேலும் நோண்டாதீர்கள். கீழ்ப்பகுதி என்றால் இரு பக்கத்தையும் ஒரு நம்பர் குறைத்துச் சமப்படுத்தலாம். மேலே என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு வாரத்தில் 6 மி.மீ. வந்துவிடும்.

காதோரத்துக்குக் காதை மடக்கிப் பிடித்து, சீப்பில்லாமல், மெஷினின் ஒரு மூலையை மட்டும் வைத்து வெளிவிளிம்பை வரையுங்கள். கிருதாவைக் காதுமடலை வைத்து அளக்காதீர்கள். பெரும்பாலோருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. கண்ணாடியை நேராகப் பார்த்து, இரு ஆள்காட்டி விரலையும் இரு கிருதாவின் அடியில் கிடையாக வைத்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

பிடரிக்கு இரண்டு கண்ணாடி வேண்டும். சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக் கண்ணாடியில் பாருங்கள். ஆரம்பத்தில் கை எதிர்த் திசையில் போவதுபோலக் குழப்பும். மெஷினை அணைத்துவிட்டு நாலைந்து முறை வெறுமனே ஓட்டிப் பழகுங்கள். இடது ஆள்காட்டி விரலை முடி இயல்பாக முடியும் இடத்தில் கிடையாக வைத்து, கீழிருந்து அந்த விரல் வரை மட்டும் மெஷினைக் கொண்டுபோனால் கோடு மேலே ஏறாது. சதுரமாக வெட்டிய பிடரி முதல் நாள் பளிச்சென்று இருக்கும், நான்கே நாளில் கோட்டுக்குக் கீழே முள்முள்ளாக முளைத்து அசிங்கமாகிவிடும். ஒன்றாம் நம்பரால் ஸ்லோப்பாக விட்டால் வளர்வதே தெரியாது. சுருள்முடிக்காரர்கள் பிடரியில் பிளேடு வைக்கவே வேண்டாம். ஒட்டச் சிரைத்த முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும், சிலருக்கு அது தடித்த தழும்பாகவே நின்றுவிடும்.

உச்சியைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் ஈரமாக்கி, நெற்றியிலிருந்து சுழி வரை நடுவில் ஒரு வரிசையை இரு விரலுக்கிடையே நேர் மேலே இழுத்து, நுனியில் ஒரு செ.மீ. மட்டும் வெட்டுங்கள். அடுத்த கொத்தை எடுக்கும்போது ஏற்கெனவே வெட்டியதில் கொஞ்சம் சேர்த்துப் பிடித்தால் அதுவே அளவுகோல். ஈரமுடி நீண்டு தெரியும், காய்ந்தால் சுருங்கும். அதனால் நினைத்ததைவிடக் குறைவாகவே எடுங்கள். நெற்றி முடியை இழுத்துப் பிடிக்காமல் தொங்கவிட்டு வெட்ட வேண்டும். சுழியருகே கத்தரியைக் கிட்டத்தட்ட மறந்துவிடுங்கள். அங்கே முடி குட்டையானால் விறைத்து நிற்கும், எந்த ஜெல்லும் அதைப் படுக்கவைக்காது. இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று ஊரில் கேலி செய்வார்கள். கல்யாணம் எப்படியோ, வெட்டுகிறவருக்கு இரண்டு மடங்கு வேலை நிச்சயம்.

வெட்டி முடித்ததும் பல்லில் இருக்கும் முடியைத் தூரிகையால் தட்டிவிட்டு, மெஷினை ஓடவிட்டு, இரு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று சொட்டு எண்ணெய். மெஷினோடு வரும் எண்ணெய் தீர்ந்தால் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் பல்லை இறுக்கிவிடும். மெஷின் முடியை இழுக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் பல் மழுங்கியிருக்காது, எண்ணெய் காய்ந்திருக்கும். பல்லைக் கழற்றிச் சுத்தம் செய்தவர்கள் திரும்ப மாட்டும்போது, அசையும் பல்லின் நுனி அசையாத பல்லின் நுனியைவிடச் சற்றே உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சமமாகவோ அசையும் பல் முன்னே நீட்டியோ இருந்தால் தோலைக் கிழிக்கும். மாட்டிய பிறகு முதலில் முன்கை முடியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலைக்குக் கொண்டுபோங்கள்.