எபிடெர்மாய்டு கட்டியும் ஒரு குறுந்தகட்டுக்கான அலைச்சலும்

அக்காவுக்கு இடக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி வெட்டியது. பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் தீரவில்லை. தாம்பரம் ரயிலில் ஜன்னல் காற்று பட்டாலே முந்தானையால் கன்னத்தை மூடிக்கொள்வார். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். நரம்பு வலிக்கான கார்பமசபைன் மாத்திரை எழுதிக்கொடுத்த நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன பிறகுதான், மூளைத்தண்டை ஒட்டி, முகத்தின் உணர்ச்சி நரம்பை அழுத்தும் கட்டி தெரியவந்தது.

அறிக்கையிலோ ‘எபிடெர்மாய்டு அல்லது அரக்னாய்டு’ என்றிருந்தது. இரண்டுமே புற்றுநோயல்ல. ஆனால் அரக்னாய்டு என்பது வெறும் நீர்ப்பை, பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். தோல் செல்கள் உதிர்ந்து சேர்ந்து வளரும் எபிடெர்மாய்டு நரம்பை அழுத்தினால் அறுவை சிகிச்சைதான். மூளைக்கட்டிகளில் ஏறத்தாழ 1 சதவீதமே இவ்வகை. வழக்கமான படங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான டிஃப்யூஷன் படத்தில்தான் எபிடெர்மாய்டு வெள்ளையாகப் பளிச்சிடும். எங்களிடமிருந்த ஃபிலிமில் அந்தப் படம் அச்சாகவே இல்லை. எல்லாப் படங்களும் பதிந்த குறுந்தகடு இல்லாமல் முடிவு சொல்ல இயலாது என்றார் அறுவை மருத்துவர்.

ஸ்கேன் மையத்தின் கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, “ஃபிலிம் கொடுத்தாச்சே சார்” என்றார். அசல் ரசீதைக் கேட்டுத் திருப்பி அனுப்பி, மறுமுறை நோயாளியின் கையெழுத்தைக் கேட்டு, ஒருவழியாகக் கொடுத்த குறுந்தகட்டிலும் டிஃப்யூஷன் படங்கள் மட்டும் இல்லை. உள்ளே இருந்த டெக்னீஷியனிடமே நேராகப் போய்க் கேட்டபோது, தேநீர் ஆறுவதற்குள் பதிந்து தந்துவிட்டார். அங்குள்ள கணினியிலேயே போட்டுப் பார்க்காமல் குறுந்தகட்டை வாங்கி வராதீர்கள்.

எபிடெர்மாய்டுதான் என்று தெரிந்து அறுவை சிகிச்சை முடிவானதும், காப்பீட்டு நிறுவனம், பாலிசிக்கு முன்பே நோய் இருந்ததா என்று கேட்டு அனுமதியை நிறுத்திவைத்தது. வலி பாலிசிக்குப் பிறகே தொடங்கியது என்று காட்டிய, தேதியிட்ட பல் மருத்துவச் சீட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. பிடுங்கிய பல்லுக்கு அந்த ஒரு பயனாவது கிடைத்தது.

காதுக்குப் பின்புறம் மண்டையோட்டைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூளைத்தண்டில் ஒட்டியிருந்த கட்டியின் உறைத் துணுக்கை, உரித்தால் நரம்பு சேதமாகும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். அது மெதுவாக மீண்டும் வளரக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. தொடர வேண்டியிருக்கிறது. இப்போது வேறு மையத்துக்குப் போகிறோம். டிஃப்யூஷன் உட்பட அனைத்தும் குறுந்தகட்டில் வேண்டும் என்று பணம் கட்டுமுன்பே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்கிறோம்.