அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து

ஜனவரி 6
கொடுத்துவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து திரும்பும் பேருந்தில் வல்லம் தாண்டும்வரை கை நடுங்கியது. ஒட்டு வீணை போதாதா என்று பட்டறையில் கேட்டார்கள். "ஏகாந்தம்தான்" என்று வாய் முந்திக்கொண்டது. குடம், தண்டி எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்தது. விலையைச் சொன்ன பிறகும் வாய் பின்வாங்கவில்லை.

ஜனவரி 7
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 10
காலையில் இடது நடுவிரல் மடங்கி அப்படியே நின்றுவிட்டது. வலது கையால் பிடித்து நிமிர்த்தினால் டக்கென்று சொடுக்குகிறது. மோதிர விரலாக இருந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். வீணைத் தண்டியில் பதித்த மெட்டுகளின் மேல் ஓட வேண்டியது இதுவும் ஆள்காட்டி விரலும்தான்.

ஜனவரி 14
பொங்கல் பொங்கிய கையோடு சொன்னேன். "சரி" என்றார். அந்தச் சரி எந்தச் சரி என்று 36 வருடமாகப் பிடிபடவில்லை.

ஜனவரி 18
டிவியில் திருவையாறு ஆராதனை. வராளி ராகம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து. அம்மா இதை எப்போதெல்லாம் சொன்னாள் என்று யோசித்தேன். நான் எதையாவது கேட்டபோது மட்டும்தான். அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்காக வீணை வீட்டைவிட்டுப் போன அன்றும் சொன்னாள். அண்ணன் கேட்டது ஆசையில்லை, படிப்பு. வீணை சாய்ந்திருந்த மூலைக்கு மறுவாரமே அரிசி டிரம் வந்தது. நான் அழவில்லை. எதற்கும் ஆசைப்படாத பெண் என்று பெயர் வாங்கினேன். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைச் சொல்லித்தான் காப்பி கொடுத்தார்கள். உங்களை மாதிரி நிம்மதியாக இருக்கத் தெரியவில்லையே என்று இப்போதும் யாராவது சொல்கிறார்கள். நிம்மதிதானா அது? கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதானோ?

ஜனவரி 25
விரலில் ஊசி போட்டார்கள். பொறுத்துப் பார்க்க வேண்டுமாம்.

பிப்ரவரி 2
மாடிவீட்டு மாமி தியான வகுப்புக்கு இழுத்துப் போனார். ஆசை எழுவதைப் பாருங்கள், பின்னாலேயே போகாதீர்கள் என்றார்கள். பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகப் பலாக்கட்டைதான் எழுந்தது. அப்புறம் ஒரு பத்து நிமிடம், வீணை வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்று நிஜமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஆசை இப்படியே போய்விட்டால்? அட்வான்ஸ் திரும்பி வராது.

பிப்ரவரி 11
பட்டறையிலிருந்து ஃபோன். குடத்தில் சரஸ்வதி செதுக்கட்டுமா என்றார்கள். வேண்டாம் என்றேன். பத்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டு வேண்டும் என்றேன்.

இன்னும் மேளம் கட்டவில்லை. தண்டியில் கரிய மெழுகு வைத்து 24 மெட்டையும் சுருதி பார்த்துப் பதிக்கிற வேலை அது. வந்து பக்கத்தில் உட்காருங்கள் என்கிறார்கள்.

பிப்ரவரி 12
மகன்: "அந்தப் பணத்துல காசிக்குப் போயிருக்கலாமேம்மா."
போயிருக்கலாம்.

பிப்ரவரி 19
விரல் நான்கு நாளாகச் சொடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

சாயங்காலம் அவர் கூடத்தில் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் வைக்காதே, வெயிலில் மெழுகு இளகிவிடும் என்றார். இதெல்லாம் யார் சொன்னது இவருக்கு?

பிப்ரவரி 23
வியாழக்கிழமை மேளம் கட்டுகிறார்கள். இன்று பால் காய்ச்சும்போது விரல் மறுபடி மடங்கிக்கொண்டது. அவரும் தஞ்சாவூர் வருகிறாராம்.