லான்சர் த்ரொட்டில் பொடி தின்ற இரண்டு ஞாயிறுகள்

சிவப்பு விளக்கில் நின்றால் இஞ்சின் தானாக அணைந்துவிடும். எங்கள் மிட்சுபிஷி லான்சர் சீகே காரின் த்ரொட்டில் பொடியை, அதாவது இஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் பாகத்தை, கழற்றிக் கழுவ அதுதான் காரணம். கழுவியதோடு விட்டிருக்கலாம்.

கழற்றுவது பெரிய வேலை இல்லை, ஸ்க்ரூக்களைத் தவிர. மட்டக்களப்புக் கல்லடியில் கடற்காற்று எந்த ஸ்க்ரூவைத் தின்றிருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. போதாததற்கு ஜப்பான் கார்களின் ஸ்க்ரூத் தலை ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர வகை. சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது. திருக்கினால் மேலே எழும்பித் தலையைச் சிதைக்கும். டீபிஎஸ் சென்சரின் (த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டுவது) முதல் ஸ்க்ரூ அப்படித்தான் போனது. அந்த சென்சரைக் கழற்றுமுன் ஊசியால் கோடு கீறி வையுங்கள், பழைய இடத்திலேயே பூட்ட உதவும். காற்றுக்குத் திறந்து மூடும் பட்டர்பிளை தட்டின் இரண்டு ஸ்க்ரூக்களில் மட்டும் கைவைக்காதீர்கள். கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

டவுன் கடையில் "உங்கட மொடலுக்குத்தான்" என்று தந்த கஸ்கட்டில் (பொருத்தும் இடத்தில் காற்று கசியாமல் நடுவே வைக்கும் அட்டை) நான்கு துளைகளில் இரண்டு பொருந்தவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், "எண்ணெய் பட்டுட்டு, எடுக்க ஏலாது." பிறகு கஸ்கட் பேப்பரைப் பொடியின் மேல் வைத்து, ஓரம் நெடுக சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நானே வெட்டினேன்.

அத்தோடு ஒரு புத்திசாலித்தனமும் செய்தேன். த்ரொட்டில் பொடிக்குள் கூலன்ட் (இஞ்சினைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீர்) ஓடுவது குளிர் நாடுகளில் பனி உறையாமல் இருக்கத்தானே, மட்டக்களப்பு வெயிலுக்கு எதற்கு என்று, இரண்டு ஹோஸையும் பித்தளைக் குழாயால் இணைத்து பைபாஸ் பண்ணிவிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணினால் ஐடில், அதாவது பெடலை மிதிக்காமல் இஞ்சின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 1800 சுற்று. சூடாகியும் இறங்கவில்லை. என் கஸ்கட்தான் காற்று இழுக்கிறது என்று நினைத்து, கார்ப் கிளீனரை ஓரங்களில் அடித்துப் பார்த்தேன். கசிவு இருந்தால் சத்தம் மாறும், மாறவில்லை. அப்படியும் நம்பாமல் அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் கழற்றி, இன்னொரு கஸ்கட் வெட்டினேன். அதே 1800.

கடைசியில் ஆரையம்பதி கராஜ் மாமாவிடம் கொண்டுபோனேன். பொனட்டைத் திறந்தவர் பித்தளைக் குழாயைப் பார்த்துச் சிரித்தார்.

"சூடு காட்டாட்டி அது எப்பிடி மனே மூடும்?"

விஷயம் இதுதான்: பொடியின் அடியில் ஒரு மெழுகு வால்வு இருக்கிறது. குளிரில் திறந்து மேலதிகக் காற்றை விடும். கூலன்ட் சூடேறினால் மெழுகு விரிந்து மூடும். நான் சுடுதண்ணீரை வெட்டிவிட்டதால் காலைக் குளிரிலேயே நிற்பதாக அது நினைத்துக்கொண்டது. பைபாஸ் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் இந்த வால்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸைப் பழையபடி மாட்டி, கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றினோம். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரும்போது ஐடில் தானாகவே 800க்கு இறங்கியது. மாமா காசு வாங்கவில்லை, தேத்தண்ணியோடு சரி. நான் வெட்டிய கஸ்கட் இன்றுவரை கசியவில்லை. கடைக்காரன் தந்தது மேசை லாச்சியில் கிடக்கிறது, யாருக்காவது துளை பொருந்தினால் சொல்லுங்கள்.