சித்தோடு மாடியில் ஒரு பால்வெளி

8 ஜூன் 2025, ஞாயிறு

காலை ஒன்பதேகாலுக்கு விளையாட்டுப் பெட்டியைப் பிரித்தோம். மூடும்போது இரவு ஏழரை. நடுவில் அம்மா கொண்டுவந்த அரிசிம்பருப்பு சோற்றைப் பாதிப் பேர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்கள்.

ட்விலைட் இம்பீரியம். விண்வெளியில் ஆளுக்கொரு இனமாக நின்று அரியணைக்கு மோதுகிற மேசை விளையாட்டு. முதல் பதிப்பு 1997-இல் வந்தது, நாங்கள் ஆடுவது 2017-இல் வந்த நான்காம் பதிப்பு. ஆறு பேர் ஆடும்போது தேன்கூட்டு அறை போன்ற அறுகோண அட்டைகள் 37-ஐ அடுக்க வேண்டும். நட்டநடுவில் மெக்கட்டால் ரெக்ஸ், வீழ்ந்துபோன பேரரசின் தலைநகரம். வெளி விளிம்பில் ஆளுக்கொரு சொந்த மண்டலம், அதை நாங்கள் ‘ஊர்’ என்றுதான் சொல்கிறோம். முதலில் 10 புள்ளி எடுப்பவருக்கு அரியணை.

ஈரோட்டுப் பக்கம் சித்தோட்டில் எங்கள் வீட்டு மாடியில் முன்பு மஞ்சள் மூட்டை அடுக்குவோம். இன்னும் அந்த வாசம் போகவில்லை. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேலே பவானி ஜமக்காளத்தை விரித்திருக்கிறோம். பகடை அதில் விழுந்தால் துள்ளாது, உருண்டும் ஓடாது. ஜமக்காளம் பவானிக்கார நண்பருடைய கடையிலிருந்து வந்தது. அவரோடு பெருந்துறை அண்ணன், டீச்சரக்கா, திருச்செங்கோட்டுத் தம்பி, கோபியிலிருந்து என் தங்கை வீட்டு மாப்பிள்ளை, நான். ஆறு பேருக்கும் ஒரே ஞாயிறு ஒழிவது லேசில்லை. வைகாசியில் யாருக்காவது விசேஷம் வந்துகொண்டேயிருக்கும். இன்றைக்கு எப்படியோ அமைந்தது.

எனக்கு வந்த இனம் ஹக்கான். சிங்க முகத்து வியாபாரிகள். இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி அவர்களிடம்தான் முழுசாகத் தெரிகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் சரக்கு உண்டு. நம் சரக்கு நம் கையில் இருக்கும்வரை அதை வைத்து ஒரு கப்பல்கூடக் கட்ட முடியாது. அடுத்தவர் கைக்குப் போன கணத்தில்தான் அது காசாகிறது, அதுவும் அவருக்கு. ஆகவே நான் என் சரக்கை அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் தன் சரக்கை எனக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் பிழைக்க அதுதான் வழி. பன்னிரண்டு வருசமாக மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விரலியோ கிழங்கோ, குடோனில் கிடக்கிற மூட்டைக்கு அங்கே கிடக்கிறவரை விலை இல்லை. இதை இவ்வளவு சின்ன விதிக்குள் ஒருவர் அடக்கி வைத்திருப்பதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

வழக்கமாகப் பக்கத்து நாட்டுக்காரரோடு மட்டும்தான் கொடுக்கல் வாங்கல். ஹக்கானுக்கு அந்தத் தடை கிடையாது, மேசையின் எந்த மூலையோடும் பேசலாம். நாள் முழுக்கப் பேசினேன், தொண்டை கட்டிவிட்டது. டீச்சரக்கா 10, நான் 7.

12 ஜூன், வியாழன்

மண்டியிலிருந்து வந்ததும் விதிப்புத்தகத்தை எடுத்தேன். பேரம் பற்றிய பகுதியை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. ஞாயிறன்று அதில்தான் நிறையத் தகராறு. சொன்னது அங்கேயே கைமாறி முடிகிற பேரமாக இருந்தால் கட்டாயம் நிறைவேற்றியாக வேண்டும். ‘அடுத்த சுற்றில் உங்கள்மேல் படை எடுத்து வரமாட்டேன்’ என்பது போல, பின்னால் நடக்க வேண்டிய எதுவும் ஆளைக் கட்டாது. சொல்லலாம், மீறவும் செய்யலாம். விதி அதில் தலையிடாது.

அப்பா கருங்கல்பாளையம் சந்தைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தரகு வேலையை விட்டு வருசங்களாயிற்று, ஆனால் வியாழக்கிழமை ஆனால் கால் நிற்பதில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன்.

“அதென்ன சாமி, சொன்னதைச் செய்ய வேண்டியதில்லைன்னு புஸ்தகத்துலயே எழுதி வெச்சிருக்கறாங்களா?”

ஆமாம் என்றேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்து அழுத்திக் காட்டினார். மாட்டு விலை அப்படித்தான் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் தொகை. சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. சாட்சியும் இல்லை, சீட்டும் இல்லை. விலை படிந்து அச்சாரம் கைக்கு வந்துவிட்டால், பின்னால் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வேறொருவர் நீட்டினாலும் மாடு முதல் ஆளுக்குத்தான். “அச்சாரம் வாங்குனதுக்கப்புறம் மாடு நம்ம கட்டுத்தறியில நின்னாலும் அது அவிங்க மாடு” என்றார்.

13 ஜூலை, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். ஜெயித்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல். பேச்சாளர் சில்லு போன தடவையே எங்கோ தொலைந்துவிட்டது. யார் முதலில் வியூக அட்டை எடுப்பது என்று காட்டும் சில்லு அது. இன்று திருச்செங்கோட்டுத் தம்பி அதற்குப் பதிலாக வெள்ளைச் சாம்பல் நிறத்தில் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தான். போர்வெல் வண்டி ஓட்டுகிறவன், கல்லைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துக் கல், அனார்த்தசைட். நிலவின் மேட்டுநிலமும் இதே வகைப் பாறைதான். அதனால் இஸ்ரோ இந்தப் பாறையைப் பொடித்து நிலாமண் போலச் செய்து, சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்கப் பயன்படுத்தியது. ஆறு பேரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம். ஜமக்காளத்தின்மேல் நிஜமாகவே விண்வெளியோடு சம்பந்தப்பட்ட பொருள் அது ஒன்றுதான்.

எனக்கு லெட்னெவ் வந்தது. மற்றவர்களைவிட இரண்டு கப்பல் கூடுதலாக ஒரே இடத்தில் நிறுத்தக்கூடிய இனம். பெருந்துறை அண்ணனுக்கு ஜோல்-நார். தொழில்நுட்பத்தில் அவர்களை அடிக்க ஆளில்லை, ஆனால் சண்டையில் போடுகிற ஒவ்வொரு பகடையிலும் ஒன்று குறையும். அப்படிப்பட்ட இனத்தை எடுத்தவர் நாலு பேருடைய வாக்கை நம்பித்தான் வாழ முடியும். அண்ணன் லேத் பட்டறை வைத்திருப்பவர், அளந்து அளந்துதான் எதையும் செய்வார். இரண்டாம் சுற்றிலேயே 6 செல்வாக்கு கட்டி மெக்கட்டாலைப் பிடித்தார். அதற்குப் பின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சபை கூடி வாக்கெடுப்பு.

மூன்றாம் சுற்றில் நான்தான் போய்ப் பேசினேன். “அண்ணா, நான் மெக்கட்டால் பக்கம் வரமாட்டேனுங்க. சபையில எனக்கு நில்லுங்க.” அவர் யோசித்துவிட்டு, “சரிங்க தம்பி” என்றார். அந்தச் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் என் பக்கமே வாக்களித்தார். என் எல்லையில் வைத்திருந்த கப்பல்களை எடுத்து மாப்பிள்ளைக்கு எதிராகத் திருப்பினார்.

ஐந்தாம் சுற்று. எனக்கு 8 புள்ளி. கையில் எட்டாம் எண் அட்டை, இம்பீரியல். மெக்கட்டால் நம் வசம் இருக்கும்போது அதை ஆடினால் ஒரு புள்ளி. பொது இலக்கு ஒன்றை நிறைவேற்றியிருந்தால் அதையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். 8-ம் 2-ம் 10. அண்ணனுக்கு அங்கே ஒரு க்ரூஸர் கப்பலும் இரண்டு காலாட்களும்தான். நகர்த்துவதற்கான டோக்கன் ஒன்றுகூட அவரிடம் மிச்சமில்லை. நான் போனால் திருப்பி அடிக்க அவரால் ஆகாது.

எத்தனை நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் டோக்கனை எடுத்து மெக்கட்டால்மேல் வைத்தேன்.

யாரும் பேசவில்லை. என் பக்கம் இரண்டு ட்ரெட்நாட் போர்க்கப்பல், ஒரு கேரியர் கப்பல், நாலு காலாட். பத்து முகப் பகடையை அண்ணன் நிதானமாக உருட்டினார். இரண்டே உருட்டில் முடிந்தது. மேசை ஒரு சுற்று வந்து என்னிடம் திரும்பியதும் அட்டையை ஆடினேன். பவானிக்காரர் கை கொடுத்தார். அண்ணன் தன் கப்பல்களை நிறம் பார்த்துப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, “நல்லா ஆடுனீங்க தம்பி” என்று சொல்லி வண்டியை எடுத்தார். வழக்கமாக டீ குடிக்காமல் போகமாட்டார்.

15 ஜூலை, செவ்வாய்

சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து பத்திரமாகத் திரும்பிவிட்டார். மண்டியில் எல்லாரும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் டீச்சரக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. நான் மனசில் இருந்ததைச் சொன்னேன்.

அக்கா என் பக்கமே பேசினார். மீற முடியாத வாக்குக்கு இந்த விளையாட்டில் என்ன மதிப்பு, எல்லாரும் சொன்னபடியே நடந்தால் ஆறு பேர் ஒன்பது மணி நேரம் கணக்குப் போட்டுக் கலைவதுதான் மிச்சம், மீறலாம் என்று இருப்பதால்தான் மீறாதவரின் பேச்சுக்கு விலை என்றார். கணக்கு டீச்சர், விளக்கம் திருத்தமாக இருந்தது. அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. பொய் சொல்லலாம் என்று முதலிலேயே எல்லாரும் ஒத்துக்கொண்டு உட்கார்ந்த மேசை என்றால் சரி. நாங்கள் அப்படி ஒத்துக்கொள்ளவில்லையே. அண்ணன் கப்பல்களைத் திருப்பியது லெட்னெவ் சொன்னதற்காக இல்லை. இத்தனை வருசமாகத் தெரிந்த ஒருத்தன் சொன்னதற்காக. விதிப்புத்தகம் அனுமதித்தது விளையாட்டுக்காரனை. நான் செலவழித்தது வேறொரு கணக்கிலிருந்து.

27 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் காதுகுத்து இல்லாத மாதம், ஞாயிறுகள் எல்லாம் காலி. இருந்தும் அண்ணன் வரவில்லை, பட்டறையில் வேலை என்று மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினார். பவானிக்காரருக்கும் வேலை.

நான்கு பேரும் தங்கை மகளும் சேர்ந்து டெர்ராஃபார்மிங் மார்ஸ் ஆடினோம். செவ்வாயின் வெப்பத்தை மைனஸ் 30-லிருந்து 8 பாகைக்கு ஏற்ற வேண்டும், ஆக்சிஜனை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், 9 கடல் அட்டைகளை வைக்க வேண்டும். மூன்றும் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை, அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து ஆடினாள். “மாமா, கடலை வெச்சா எல்லாத்துக்கும் நல்லதுதானே, அப்புறம் ஏன் போட்டி?” என்று கேட்டாள். யார் வைத்தது என்பதற்குத்தான் போட்டி கண்ணு என்றேன். இரண்டரை மணி நேரம்தான். நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் உட்காரும் மூலை காலியாக இருந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. இன்றைக்கு ஆட்டம் வைக்க முடியாதென்று முன்பே தெரியும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கூடுதுறை போனோம். காவிரியும் பவானியும் சேருமிடத்தில் நிற்க இடமில்லை.

திரும்பும் வழியில் செருப்பு விட்ட இடத்தில் அண்ணன், குடும்பத்தோடு. அண்ணியும் அம்மாவும் பேச ஆரம்பித்தார்கள், நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணா, அன்னிக்கு நான் பண்ணுனது சரியில்லீங்க.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. “தோத்ததுக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. எத்தனையோ தடவ தோத்திருக்கறேன். உங்க பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. அதை நெனச்சுத்தான் ரெண்டு நாளு ஒரு மாதிரி இருந்துச்சு” என்றார். பிறகு, “அடுத்த வாரம் எத்தன மணிக்குங்க?” என்று கேட்டார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

எட்டரைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை கச்சாயம்.

எனக்கு மறுபடி ஹக்கான். அண்ணனுக்கு சோல், மனித இனம். இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர். இந்த விளையாட்டில் ‘அரியணைக்கு ஆதரவு’ என்று ஒரு உறுதிச்சீட்டு உண்டு. என் சீட்டை நான் உங்களுக்குக் கொடுத்தால் உங்களுக்கு உடனே ஒரு புள்ளி. நீங்கள் என் படை இருக்கும் மண்டலத்தில் டோக்கன் வைத்தால் சீட்டு என்னிடம் திரும்பிவிடும், புள்ளியும் போய்விடும். விதியே காவல் நிற்கிற வாக்கு என்று சொல்லலாம். இரண்டாம் சுற்றில் அதை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

அவர் வாங்கவில்லை. “சீட்டு இருக்கட்டுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு கிரகத்துக்கும் நீங்களும் வரவேண்டாம், நானும் வரல. வாயில சொல்லுங்க, போதும்.”

சொன்னேன். டீச்சரக்கா பகடையை உருட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் சுற்றின் நடுவில் கரண்ட் போய்விட்டது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், வரவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் அட்டைகளைப் படிப்பது கடினம். திருச்செங்கோட்டுத் தம்பிக்கு வண்டி எடுக்க வேண்டும். கலைக்க யாருக்கும் மனசில்லை. எனக்கு 6, அண்ணனுக்கு 6, மாப்பிள்ளைக்கு 7. அந்த இரண்டு கிரகங்களும் காலியாகவே கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்தால்கூட எனக்கு ஒரு இலக்கு நிறைவேறும். அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

யார் முறை, யாரிடம் எந்த அட்டை என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டோம். மேசையின் நான்கு பக்கமும் செம்புகளை நிறுத்தி, கப்பல்களில் படாமல் அப்பாவின் பழைய வேட்டியை மேலே விரித்தோம். சித்தம்பூண்டிக் கல் அண்ணன் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த சுற்றில் அட்டையை முதலில் எடுப்பவர் அவர்தான். மாடிக் கதவைப் பூட்டி, பூனை போகாதபடி சன்னலையும் சாத்திவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணி.