மெக்னீசியத்துக்குத் தண்ணீர் ஆகாது

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் ஓசூர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அலுமினியத்தில் கைதேர்ந்தவர்கள். மெக்னீசியம் வந்தால் 'அதைவிட லேசு, அவ்வளவுதானே' என்று லேத்தில் மாட்டிவிடுகிறார்கள். லேசுதான்: ஒரு கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.7 கிராம், இது 1.74. ஆனால் ஆக்சிஜன் மேல் இதற்கு இருக்கும் வெறி வேறு ரகம்.

மெக்னீசியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கப் படும் சிரமத்திலேயே இது தெரியும். மெக்னீசியமும் சுண்ணாம்பும் கலந்த டோலமைட் கல்லைச் சுட்டு, பெரோசிலிக்கான் என்ற இரும்பு-சிலிக்கான் கலவையோடு அரைத்து, வில்லைகளாக அழுத்தி, எஃகுக் குழாயில் வெற்றிடம் உண்டாக்கி 1200 டிகிரிக்குக் காய்ச்சுவார்கள். மெக்னீசியத்திடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் வலு சிலிக்கானுக்குச் சாதாரணமாகக் கிடையாது. உலோகம் ஆவியாகி விலகிக்கொண்டே இருப்பதாலும், உண்டாகும் சிலிக்காவை டோலமைட்டிலுள்ள சுண்ணாம்பு பிடித்துக்கொள்வதாலும்தான் வேலை நடக்கிறது. குழாயின் குளிர்ந்த முனையில் ஆவி படிகமாக உறையும்.

இப்படிப் பறித்த ஆக்சிஜனைத் தண்ணீரிடமிருந்தே மெக்னீசியம் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். லேத்தில் உதிர்ந்து எரியும் உலோகச் சீவலில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் பிறந்து வெடிக்கும். கரியமில வாயுவிலும் எரியும், கரி மிஞ்சும். அதனால் வழக்கமான சிவப்பு சிலிண்டர்கள் இங்கே உதவாது. உலோகத் தீக்கான டி வகைப் பொடியோ, நன்றாக உலர்ந்த வார்ப்பிரும்புத் தூளோ மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். வீசி எறிந்தால் எரியும் சீவல் சிதறும்; மெதுவாகக் கொட்டி மூடி, கிளறாமல் ஆறவிட வேண்டும்.

தீப்பிடிப்பது பெரும்பாலும் மழுங்கிய டூலால்தான். வெட்டாமல் உரசும்போது சூடும் ஏறுகிறது, சீவலும் மெல்லியதாக விழுகிறது. கூர்மையான டூல், தாராளமான ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் அளவு). வெட்டு முடிந்ததும் டூலை உடனே விலக்குங்கள், தேய்த்துக்கொண்டு நிற்கவிடாதீர்கள். கூலன்ட் வேண்டுமென்றால் மினரல் ஆயில். உலர்ந்த சீவலை மூடிய எஃகு டிரம்மில் போடலாம். ஈரச் சீவலுக்கு மட்டும் மூடியில் காற்றுவழி வேண்டும், ஹைட்ரஜன் வெளியேற.

உருக்கும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. இரும்பு இதில் கரைவது மிகக் குறைவு என்பதால் உருக்கும் பாத்திரமாக எஃகு மூசை பொருந்தும். ஆனால் அதன் வெளிப்புறத் துரு உதிர்ந்து உலை அடியில் சேர்ந்திருந்து, மூசையும் கசிந்தால், இரும்புத் துருவும் அலுமினியப் பொடியும் சேர்ந்து கடும் சூட்டில் எரியும் தெர்மைட் போலப் பொங்கும். துருவை அவ்வப்போது கட்டாயம் கூட்டி எடுக்க வேண்டும். பெங்களூர் மழைக்காலத்தில் மெக்னீசியக் கட்டிகள் ஈரத்தை ஏந்தி நிற்கும். 150 டிகிரிக்காவது சூடாக்காமல் உருகலில் போடவே கூடாது.