கலித்தொகையைப் பாத்து ஓடுற ஆக்களுக்கு

வெளிவாரியாப் படிக்கிற தம்பி ஒராள் கேட்டார், சங்க இலக்கிய எட்டுத்தொகையில ஒண்டான கலித்தொகையை விட்டிட்டு மற்றதுகளை மட்டும் படிச்சாக் காணாதோ எண்டு. நானும் விடப் பாத்தனான் தம்பி. வேலை முடிய பின்னேரம் பொது நூலகத்தில போய் இருந்து புத்தகத்தைத் திறந்தா ரெண்டாம் பக்கத்தில நித்திரை வரும், பாட்டு விளங்கேல்லை எண்டு உரைக்குப் போனா அதை எழுதின நச்சினார்க்கினியர் பாட்டை விடக் கஷ்டம், ஒரு வரியில கிடக்கிற சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் எங்கயோ தள்ளிக் கிடக்கிற வரியோட முடிச்சுப் போடுவார், நான் ரெண்டு வரிக்கும் நடுவில அந்தரிச்சுக்கொண்டு நிப்பன். மூண்டு கிழமையில நாலு பாட்டுத்தான் போச்சு. மொத்தம் 150, எனக்குப் பாடத்தில பிரிவைப் பாடுற பாலைக்கலிப் பகுதி மட்டும் எண்டபடியால் தப்பினன்.

விடாமப் பிடிச்சதுக்குத் தமிழ்ப்பற்று காரணமில்லை, ரோசம்தான். இதை 1887இல முதன்முதல் அச்சில கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை எங்கட யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி ஆள். நான் தினமும் பஸ்ஸில சிறுப்பிட்டியைத் தாண்டித்தான் வேலைக்கு வாறனான். புள்ளி கூட இல்லாத ஏட்டைப் பிரிச்சு அந்த மனுசன் வாசிச்சிருக்கிறார், அச்சடிச்ச எழுத்தை வாசிக்க எனக்கு ஏலாதோ?

நான் விட்ட பிழை, பாட்டைத் தலையில இருந்து வாசிச்சது. பாலைக்கலியில கன பாட்டு தொடக்கத்துக்குத் தரவு, நடுவில மூண்டு தாழிசை, பேந்து தனிய நிக்கிற ஒரு தனிச்சொல், முடிவுக்குச் சுரிதகம் எண்டுதான் போகும். தரவுதான் சனத்தை வெருட்டுறது, நீட்டு நீட்டா அடைமொழி. தாழிசை அப்பிடியில்லை, ஒரே அச்சில வார்த்த மூண்டு, ஒண்டு விளங்கினா மற்ற ரெண்டும் தானா வரும். அதனால தாழிசையில தொடங்குங்கோ, பேந்து சுரிதகம், கடைசியாத்தான் தரவு. அதுக்கு முதல் ஆர் ஆருக்குச் சொல்லீனம் எண்டு கொப்பியில ஒரு வரி எழுதிப்போடுங்கோ, கூற்றுத் தெரியாமல் பாட்டுக்குள்ள இறங்கினா துலைஞ்சீங்கள். வாய்விட்டு வாசியுங்கோ. நூலகத்தில அது ஏலாது, அதனாலதான் நான் வீட்டை வந்தது.

ஒம்பதாம் பாட்டை அப்பிடித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி வாசல்ல இருந்து வாசிச்சன். விரும்பினவனோட போன மகளைத் தேடி செவிலித்தாய் வெயிலுக்குள்ள போறா, எதிர்ப்பட்ட அந்தணரிட்ட ரெண்டு பேரைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா. அவை சொல்லுறது "காணேம் அல்லேம்", காணாமல் இல்லை, கண்டனாங்கள். இந்த ஊரில இருந்துகொண்டு அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக ஏலாது, நான் கொஞ்ச நேரம் அதிலயே நிண்டிட்டன். பேந்துதான் அந்த மூண்டு தாழிசை. சந்தனம் மலையில பிறந்தாலும் பூசுறவைக்குத்தான், மலைக்கு அதால என்ன? முத்து கடல்ல பிறந்தாலும் போடுறவைக்குத்தான். மூண்டாவது யாழில பிறக்கிற இசையைப் பற்றி,

"யாழுளே பிறப்பினும் யாழ்க்கு அவைதாம் என் செய்யும்".

உங்கட மகளும் அப்பிடித்தான் எண்டு முடிக்கீனம்.

அம்மா சுளகில முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தவ. அக்கா கலியாணம் கட்டி கனடா போய் ஆறு வருசம், அங்க விடியிற நேரம் பாத்துத்தான் எங்கட வீட்டில பின்னேரத் தேத்தண்ணி. "என்ன பிள்ளை அது, திருப்பித் திருப்பி ஒண்டையே சொல்லுறாய்" எண்டு கேட்டா. கருத்தைச் சொன்னன். கை நிக்கேல்லை, கொஞ்ச இலை உருவினா.

"மலைக்குத் தேவையில்லை எண்டு ஆர் சொன்னது? மலையைக் கேட்டவையோ?"

எனக்கு வாய் வரேல்லை. மூண்டு கிழமையா நான் உரையைப் புரட்டினது, எனக்கு ஒருக்காலும் அந்தக் கேள்வி வரேல்லை. அறை வரைக்கும் போய் கொப்பியில அதை அப்பிடியே எழுதி வைச்சன், எழுதேக்க எழுத்துத் தெரியேல்லை, கண் கலங்கிப் போச்சு, இவ்வளவு நாளும் நித்திரை வரவைச்ச புத்தகம்.

அதுக்குப் பிறகு பாலைக்கலியில மிச்சம் 12 நாளில முடிஞ்சது, ஒரு நாளைக்கு ரெண்டு, மூண்டு, எல்லாம் சத்தமா, அம்மா குசினியில நிக்கேக்கதான். தெரியாத சொல்லுக்கு உடனே அகராதிக்கு ஓடேல்லை, கீழ பென்சிலால கோடு போட்டிட்டு பாட்டை முடிச்ச பிறகுதான் பாத்தனான், பாதிக் கோடு தன்ரபாட்டில அழியும்.

சோதினைக்கு வந்தது வேற பாட்டு. அதையும் தாழிசையிலதான் பிடிச்சனான்.