லக்கி 38 கோட்டுக்குள் வந்துவிட்டது, வோல்ட் 101 இன்னும் மசியவில்லை

அதே பெயர் விளையாட்டுகளை வைத்து எடுத்த ஃபோல்அவுட் ரீவித் தொடரின் முதல் சீசன் முடிகிற காட்சி ஞாபகம் இருக்கும்: பவர் ஆர்மர் என்கிற இரும்புக் கவசத்தோடு கதாநாயகி லூசியின் தகப்பன் ஹாங்க், மண்ணில் கிடக்கிற டெத்கிளோ மிருகத்தின் மண்டையோடு, தூரத்தில் நியூ வேகாஸ் நகரம். அந்தக் காட்சியைக் கோட்டுப்படமாக மொனிற்றரில் ஒட்டிவைத்து, 2010இல் வந்த நியூ வேகாஸ் விளையாட்டின் கமராவை அந்தக் கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை ஒருவழியாக முடிந்தது. அந்த நகரத்து லக்கி 38 சூதாட்டக் கோபுரத்தின் தலையும் கழுத்தும் கோட்டை விட்டு வெளியே போகவில்லை. மலைத்தொடர் மட்டும் வலப்பக்கம் விலகுகிறது. அது விலகத்தான் செய்யும். விளையாட்டின் நிலம் உண்மையான நெவாடாவைச் சுருக்கிச் செய்தது.

நியூக்கா கோலா போத்தல், ஸ்டிம்பாக், ராட்அவே, டி-60 ஆர்மர் என்று விளையாட்டிலிருந்து சீரியலுக்கு வந்த பொருட்களைப் பட்டியல் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டி-60 முதலில் வந்தது 2015இன் ஃபோல்அவுட் 4இல் என்பது விளையாடினவனுக்கெல்லாம் தெரியும். பொருளைக் கண்டுபிடிக்கக் கண் போதும். ஆனால் இடத்தைச் சீரியல் எவ்வளவு தூரம் மதித்திருக்கிறது என்பது கமராவை அதே இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். இந்த வேலை அதற்காகத்தான்.

முதலில் கோட்டுப்படம். ஸ்ட்ரீமிங் படத்தை ஸ்கிறீன்ஷொட் எடுத்தால் கறுப்பாகத்தான் வரும் என்பதால் பழைய வழி: படத்தை நிறுத்தி, மொனிற்றரில் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மேலே மார்க்கரால் வரைவது. கேட்க லேசு. சோலி முழுவதும் தாளில்தான்.

24 அங்குல மொனிற்றரின் படப்பரப்பு 53.1 சென்ரிமீற்றர் அகலம். 2.39க்கு 1 என்ற அகலத்திரைப் படம் அதில் 22.2 சென்ரிமீற்றர் உயரம் பிடிக்கும். ஏ4 தாள் இரண்டைக் கிடையாக ஒட்டினால் அகலம் 59.4 வரும், ஆனால் உயரம் 21தான். மேலோ கீழோ ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் குறையும். மூன்று தாளை நெட்டாக ஒட்டினால் 63க்கு 29.7, தாராளம். ஒட்டுக் கோடுகள் 21லும் 42லும் விழும். முக்கியமான உருவம் அந்தக் கோடுகளில் மாட்டாதபடி தாளை முதலே நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒட்டிய இடத்தில் மார்க்கர் கோடு தடித்துவிடும், கோபுரம் மாதிரி மெல்லிய உருவத்துக்கு அது உதவாது.

தாள் எங்கே கிடைக்கும் என்றால், ஓஎச்பி தாளைக் கேட்டு மட்டக்களப்பு நகரத்துக் கடைகளில் அலைய வேண்டாம். பள்ளிக்கூடங்களெல்லாம் புரொஜெக்டருக்கு மாறின பிறகு அதை யாரும் இறக்குவதில்லை. போட்டோக்கொப்பிக் கடையில் பைண்டிங்குக்கு முன்னால் போடுகிற தெளிவான அட்டை என்று கேளுங்கள், தனித்தனியாகவே தருவார்கள். காத்தான்குடியில் மேசைக்குப் போடுகிற கண்ணாடி பிளாஸ்டிக் மீற்றர் கணக்கில் வாங்கலாம், ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாக வரும். ஆனால் சுருளில் இருந்த வளைவு போகாது, மொனிற்றரில் அலைஅலையாக நிற்கும். கொப்பிக்குப் போடுகிற உறையோ தொட்டாலே சுருங்கும். பைண்டிங் அட்டைதான் சரி.

தாளை மொனிற்றரின் வெளிச்சட்டத்தில் ஒட்டக் கூடாது. சட்டம் திரையைவிட 2 மில்லிமீற்றர் முன்னால் நின்றாலே போதும். அரை மீற்றர் தூரத்தில் நடுவில் இருந்து பார்க்கிற கண்ணுக்கு ஓரத்துக் கோடு 1 மில்லிமீற்றர் தள்ளித் தெரியும். இந்த மொனிற்றரில் அது மூன்று நாலு பிக்சல். தலையை ஆட்டினால் அதுவும் மாறும். ஆகவே திரையோடு படிகிற மாதிரி நாலு மூலையிலும் சின்னச் சின்னக் காகித ரேப். செலோரேப் வேண்டாம், நமது வெக்கைக்குப் பசை இளகித் திரையில் தங்கிவிடும். மார்க்கர் அழியாத மை உள்ளது, 0.5 முனை. வைட்போட் மார்க்கரால் வரைந்தால் வியர்த்த கை பட்ட இடமெல்லாம் துடைபட்டுப்போகும். அழிக்க வேண்டி வந்தால் தாளைக் கழற்றி வெளியே வைத்து ஸ்பிரிட்டால் துடையுங்கள். மொனிற்றரில் வைத்துக்கொண்டு ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. படத்தின் நாலு மூலைக்கும் சிலுவை அடையாளம் போடுவது முக்கியம், கழற்றின தாளைத் திரும்ப ஒட்ட அதுதான் வழி.

என்ன வரைவது? எல்லாவற்றையும் வரைந்தால் ஒன்றுமே தெரியாது. அடிவானம், கோபுரத்தின் வெளிக்கோடு, முன்னால் நிற்கிற ஆளின் தலை உச்சி, பாதம். இந்த நாலும் போதும்.

மறுகா கமரா. விளையாட்டுக்குள் கட்டளை அடிக்கிற கொன்சோலில் டி எஃப் சி (tfc) என்று அடித்தால் கமரா தனியே பறக்கும் என்பது தெரிந்த விஷயம். இங்கேதான் அநேகம் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கோபுரம் சின்னதாகத் தெரிகிறதே என்று முதலில் எஃப் ஓ வி (fov) என்கிற பார்வைக் கோண எண்ணைக் குறைத்துக் கிட்டக் கொண்டுவருவார்கள். மறுகா முன்னால் நிற்கிற ஆள் பூதமாகிவிடுவான், அவனைச் சரிக்கட்டக் கமராவை நகர்த்துவார்கள், கோபுரம் கலையும். இப்படியே போனால் விடியும்வரை இழுபறிதான்.

தூரம் முதல், கோணம் பிறகு. ஆளின் உயரத்துக்கும் கோபுரத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கமரா நிற்கிற இடம் மட்டும்தான் தீர்மானிக்கும். எஃப் ஓ வி இரண்டையும் ஒரே அளவில் பெருப்பிக்கும், சிறுப்பிக்கும், விகிதத்தைத் தொடாது. ஆளிடமிருந்து 6 மீற்றரில் இருக்கிற கமராவை 12 மீற்றருக்குப் பின்வாங்கினால் ஆள் பாதியாவான், அவ்வளவு தூரத்தில் இருக்கிற கோபுரம் அசையாது. ஆகவே தாளில் ஸ்கேலை வைத்து இரண்டு உயரத்தையும் அளந்து விகிதத்தை எழுதிக்கொள்ளுங்கள். திரையில் அதே விகிதம் வரும்வரை கமராவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள், உருவம் கோட்டைவிடச் சின்னதா பெரிதா என்று பார்க்கவே வேண்டாம். விகிதம் சரியான பிறகு எஃப் ஓ வியைத் தொடலாம்.

அதிலும் ஒரு பிசகு. இரண்டு மடங்கு பெரிதாக்க எண்ணைப் பாதியாக்கக் கூடாது, கணக்கு அரைக்கோணத்தின் டேஞ்சனில் ஓடுகிறது. நியூ வேகாஸின் வழமையான 75இல் இருந்து ஒன்றரை மடங்குக்கு 54, இரண்டு மடங்குக்கு 42, மூன்று மடங்குக்கு 28.7. ஃபோல்அவுட் 4இன் 70இல் இருந்து அதே வரிசையில் 50, 38.6, 26.3. இந்த ஆறு எண்ணையும் ஒரு துண்டில் எழுதி மொனிற்றர் ஓரத்தில் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இடம் எது? ஹாங்க் மாதிரி லொஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து வருகிறவன் தென்மேற்கில் இருந்துதான் வேகாசைப் பார்ப்பான். விளையாட்டில் அந்தப் பக்கம் கதை தொடங்குகிற ஊரான குட்ஸ்பிறிங்ஸ். அங்கே சுடுகாட்டு மேட்டில் ஏறினால் கோபுரம் தெரியும். சீரியலின் திசையும் விளையாட்டின் திசையும் ஒத்துப்போவது தற்செயல் என்று தோன்றவில்லை. அந்த மண்டையோட்டையும் சேர்த்துப் பாருங்கள்: குட்ஸ்பிறிங்சில் இருந்து நேரே வேகாசுக்கு நடக்கப் போனவனை குவாறி ஜங்ஷனில் டெத்கிளோக் கூட்டம் கிழித்திருக்கும். ஒரு வசனமும் இல்லாமல் அந்த வழியையே ஞாபகப்படுத்துகிறது அந்த எலும்பு. முழு சீசனிலும் விளையாட்டை மிக நயமாகத் தொட்ட இடம் இதுதான் என்பேன். விளையாட்டின் அந்த மேட்டில் மண்டையோடு கிடையாது. மோட் (ரசிகர்கள் செய்கிற மாற்று ஃபைல்) போட்டு வைக்கலாம், ஆனால் ஒப்பீடு பொய்யாகிவிடும். இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

ஹாங்குக்குப் பதிலாக நமது ஆளையே மூன்றாம் நபர்ப் பார்வையில் நிறுத்தலாம். நியூ வேகாசில் டி-60 இல்லை. டி-45டி தான் உருவத்தில் கிட்ட வரும். கமராவை ஆளை விட்டு வெகுதூரம் பறக்கவிடாதீர்கள். ஆளைச் சுற்றி ஐந்துக்கு ஐந்து கட்டம்தான் முழு விபரத்தோடு ஏறும், ஒரு கட்டம் ஏறக்குறைய 58 மீற்றர். அதைத் தாண்டினால் கமராவின் காலடியிலேயே மழுங்கின மண்தான் தெரியும். விளையாட்டின் செற்றிங் இருக்கிற ஐஎன்ஐ ஃபைலில் அந்த ஐந்தை ஏழாக்கினால் சரி என்று சொல்வார்கள். கேட்காதீர்கள், சேவ் ஃபைல் கெட்டுப்போகும்.

நியூ வேகாசில் ஆளை அசையாமல் பிடிக்க, எல்லாம் சரியான பிறகு கொன்சோலைத் திறந்து டி எம் (tm) அடியுங்கள். எழுத்தும் கொன்சோலும் மறையும், விளையாட்டு நின்றபடியே இருக்கும். படம் எடுத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு திரும்ப டி எம் அடித்தால் எல்லாம் திரும்பி வரும். ஸ்டீமில் சுருக்காத பிரதியைச் சேமிக்கிற செற்றிங்கைப் போடாவிட்டால் ஜேபெக்தான் மிஞ்சும். கமராவின் இடம் சேவில் ஏறாது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். மாரி காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

சூப்பர் டூப்பர் மார்ட் அவ்வளவு பாடுபடுத்தவில்லை. நாலாவது எபிசோட்டில் லூசி மாட்டுப்படுகிற கடை. 2008இன் ஃபோல்அவுட் 3இல் அந்தப் பெயர்க் கடையைக் கொள்ளைக்காரர் பிடித்திருப்பார்கள். ஃபோல்அவுட் 4இல் லெக்சிங்டனில் இருக்கிற கிளைக்குள் ஃபெரல் கூல்கள், அதாவது கதிர்வீச்சில் புத்தி கெட்ட மனிதர்கள். சீரியலிலும் கூல்கள் இருப்பதால் ஒப்பிட லெக்சிங்டனைத்தான் எடுக்க வேண்டும். ஃபோல்அவுட் 4இல் டி எஃப் சிக்குப் பக்கத்தில் 1 சேர்த்தால் எல்லாம் உறைந்து நிற்கும், டி எம் வித்தை தேவையில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் வந்த பெரிய அப்டேட், மோட்கள் நம்பியிருக்கிற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை உடைத்தது. வெறும் கொன்சோலோடு வேலை செய்கிறவருக்கு அதால் பாதிப்பில்லை.

ஷேடி சாண்ட்ஸ் நகரத்தை விட்டுவிட்டேன். அது வருகிற 1997இன் முதல் ஃபோல்அவுட் விளையாட்டு சாய்வுப் பார்வையில் வரைந்த படம், நகர்த்தக் கமராவே கிடையாது. அங்கே ஒப்பிடக்கூடியது சீரியலில் வோல்ட் 4 நிலவறையின் கரும்பலகையில் அந்த நகரத்தின் வீழ்ச்சிக்குப் போட்டிருக்கிற 2277 என்ற ஆண்டு மட்டும்தான். அதை வைத்து ரசிகர்கள் போட்ட சண்டை போதும்.

மசியாதது ஃபோல்அவுட் 3 தொடங்குகிற நிலவறை, வோல்ட் 101. முதல் எபிசோட்டில் லூசி தன் வோல்டை விட்டு வெளியே வருகிற வெளிச்சம் ஃபோல்அவுட் 3இன் கதவு திறக்கிற கணத்தை நேரே தொடுகிறது: கண் கூசும் வெள்ளை, பிறகு மெல்ல மெல்ல நிலம். விளையாட்டில் அந்த வெள்ளை சில நொடிதான். கொன்சோலைத் திறந்து நிறுத்தலாம், ஆனால் கொன்சோல் திறந்திருக்கும்போது கமரா பறக்காது. முதலே டி எஃப் சி போட்டுக்கொண்டு கதவைத் தாண்ட முடியாது, ஆள் நகர மாட்டான். தாண்டின பிறகு போட்டால் வெள்ளை கலைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஃபோல்அவுட் 3 புது சிபியூக்களில் அந்த இடத்திலேயே தொங்கும். ஐஎன்ஐயில் திரெட்டட் ஏஐ 1, ஹார்ட்வேர் திரெட் 2 என்று இரண்டு வரி போட்டால் அது நிற்கிறது. வெள்ளைதான் நிற்கவில்லை. நாலைந்து வெளிச்ச அளவில் தனித்தனியாக எடுத்து அடுக்கிப் பார்ப்பதுதான் மிச்சமிருக்கிற யோசனை.

அதற்குள் பிறிண்ட் யோசனையும் ஓடுகிறது. 1080இல் எடுத்த படம் 300 டிபிஐயில் ஆறரை அங்குலத்தைத் தாண்டாது. படத்தைத் திரையைவிடப் பெரிதாக உருவாக்குகிற என்விடியாவின் டிஎஸ்ஆரை 4 மடங்கில், ஸ்மூத்னஸ் 0இல் வைத்தால் 3840 பிக்சல் அகலம் கிடைக்கும், 12 அங்குலத்துக்குப் போதும். மொனிற்றரில் படம் அதே அளவில் தெரிவதால் தாளின் கோடும் மாறாது. நியூ வேகாசுக்கு 4 ஜிபி பாட்ச் போட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மெமரி முட்டி விழும். மேலே கோட்டுப்படம், கீழே விளையாட்டு, ஒவ்வொன்றும் 12க்கு 5 அங்குலம்; 12க்கு 15 தாளில் தலைப்புக்கும் இடம் மிஞ்சும். லாபில் நிழலெல்லாம் கறுத்துப் போகும் என்பதால் காமாவைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள். ரெஜிஃபோமில் ஒட்ட ஸ்பிறே கம் பாவித்தால் அது ரெஜிஃபோமையே தின்றுவிடும். கல்முனையில் 5 மில்லிமீற்றர் ஃபோம் போட் கிடைக்கிறது, இரட்டைப் பக்க ரேப்பால் ஒட்டலாம். ஐப்பசி தொடங்கினால் காகிதம் ஈரத்துக்குச் சுருளும், அதற்கு முன்னமே ஒட்டிவிடுவது நல்லது.

2025 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் சீசன் நியூ வேகாஸ் பக்கமே போவதால் அடுத்த கோட்டுப்படம் நோவாக் ஊரில் நிற்கிற டிங்கி டைனோசர் சிலை. அது கிட்ட நிற்கிற உருவம். அங்கே கமரா ஒரு மீற்றர் பிசகினாலும் விகிதம் குழம்பிவிடும் என்பதால், ஆளின் தலை, பாதத்தோடு டிங்கியின் வாலையும் தாளில் குறிக்க வேண்டியிருக்கும்.